செவ்வந்தி ஏன் சாகவில்லை? நார்ன் மரபணு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி மாலதி எழுதியது:

கோத்தகிரி பக்கத்தில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். 'கிரியேச்சர்ஸ்' வரிசைக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் மரபணுவைத் திறந்து பார்த்துப் பழகியவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீவ் கிராண்ட் வடிவமைத்த முதல் விளையாட்டு 1996இல் வந்தது. நார்ன் என்ற சின்ன உயிர்கள் முட்டையிலிருந்து பொரிந்து வரும். அவற்றை நாம் ஓட்ட முடியாது. பேசக் கற்றுக்கொடுக்கலாம், தட்டிக்கொடுக்கலாம், கண்டிக்கலாம். பசி, பயம், களைப்பு, சினை எல்லாமே அவற்றின் உடம்பில் கூடிக் குறையும் வேதிப்பொருள்களால் நடக்கின்றன. மூளை ஒரு நரம்பு வலை. அந்த மூளையையும் வேதியியலையும் கட்டுவது மரபணுத் தொகுப்பு. என்னிடம் இருப்பது 2001இல் இலவசமாக வெளியிட்ட 'டாக்கிங் ஸ்டேஷன்'. பழைய கம்ப்யூட்டரிலேயே நன்றாக ஓடுகிறது.

பனிக்காலத்தில் இங்கே ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே தலை காட்ட மாட்டோம். அப்போது தொடங்கியது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் யாழினிதான் எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பாள். கிழித்த காலண்டர் தாள்களை ஒட்டி, பின்பக்கத்தில் வம்ச மரம் வரைந்துகொண்டே வருகிறாள். முதல் ஜோடி மாரியும் கனகாவும். அவர்களுக்குப் பிறந்தவள் செவ்வந்தி. பெற்றவர்கள் இருவரையும் விட உடம்பில் சிவப்பு கூடுதல், அதனால் அந்தப் பெயர்.

விஷயம் இதுதான். செவ்வந்தி சாகவில்லை. அவளோடு பொரிந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அவள் பெற்ற மகள் ஒருத்தி வளர்ந்து, முட்டையிட்டு, கிழவியாகி, முதுமையிலேயே இறந்தாள். இவள் இன்னும் லிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டு மேலும் கீழும் போய்வருகிறாள். ஏழு பருவங்களில் கடைசியான மூப்புப் பருவத்துக்கு எப்போதோ வந்துவிட்டாள். அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. நோய் எதுவும் இல்லை, நன்றாகத் தின்கிறாள்.

இதே குடும்பத்தில் நேர்மாறான ஒன்றும் நடந்தது. செவ்வந்தியின் தம்பி ஒருவன் முட்டையை விட்டு வந்த கொஞ்ச நேரத்தில் எல்லாப் பருவங்களையும் தாண்டி மூப்படைந்து செத்தான். அவனுக்குப் பெயர் வைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. யாழினி அன்று சாப்பிடவில்லை.

என் கேள்விகள்: செவ்வந்தியின் உடம்பில் எது மாறியிருக்கும்? அது பிள்ளைகளுக்குப் போகுமா? அவளுடைய மகன் முத்துவும் இப்போது மூப்புப் பருவத்தில் நிற்கிறான், நகரக் காணோம். உலகத்தில் எண்ணிக்கை நிரம்பிவிட்டதால் புது முட்டைகள் பொரிக்காமல் கிடக்கின்றன. கிழவர்கள் இடத்தை விடாமல் இருந்தால் குட்டிகள் எங்கே வரும்? அவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெளிவில்லை. "செவ்வந்தியை ஏதாவது செய்தால் இனிமேல் உன்கூட விளையாட வரமாட்டேன்" என்கிறாள் யாழினி. அவள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொடைக்கானல் ராமு எழுதியது:

டீச்சர், நீங்கள் பருவத்தைக் குறிப்பிட்டது ரொம்ப நல்லது. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நார்ன் உடம்பில் 'லைஃப்' என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. பிறக்கும்போது நிறைய இருக்கும், பிறகு மெல்ல மெல்லச் சிதையும். எவ்வளவு வேகமாகச் சிதைய வேண்டும் என்பதை அரை ஆயுள் மரபணு சொல்கிறது. 256 வேதிப்பொருள்களுக்கும் உரிய எண்கள் அந்த ஒரே மரபணுவில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். லைஃப் குறையக் குறைய ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு ரிசெப்டர், அதாவது வேதிப்பொருளின் அளவைக் கவனித்து உடம்பில் ஒரு வேலையைத் தொடங்கிவைக்கும் உணர்வி, விழித்துக்கொள்ளும். ஒன்று "இனி நீ சிறுவன்" என்று சொல்லும், அடுத்தது "இனி விடலை" என்று சொல்லும். கடைசி ரிசெப்டர் "முதுமையால் இற" என்று சொல்லும். அதாவது நார்னுக்குச் சாவு தேய்மானத்தால் வருவதில்லை. சாவும் ஒரு மரபணு செய்யும் வேலை. சினைப்படுவதற்கும் பசிப்பதற்கும் மரபணு இருப்பது போல, சாவதற்கும் ஒன்று இருக்கிறது.

ஆகவே சாகாத நார்ன் என்றால் புதிதாக ஏதோ சக்தி கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இருந்த ஒன்று கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். எது கெட்டது என்பதைப் பருவம் காட்டிக்கொடுக்கும்.

ஒரு நார்ன் இளமையிலேயே நின்றுவிட்டால் லைஃப் குறையவில்லை என்று பொருள். அரை ஆயுள் எண் பெரிதாக மாறியிருக்கலாம். இல்லையென்றால் வேறு ஏதோ வேதிவினை திசைமாறி, செலவாகும் லைஃபை மறுபடி ஊற்றிக்கொண்டிருக்கலாம். உங்கள் செவ்வந்தி அப்படியில்லை. ஆறு மாற்றங்களையும் முறைப்படி கடந்திருக்கிறாள். எனவே அவள் லைஃப் ஒழுங்காகத்தான் குறைந்தது. கடைசி ரிசெப்டர் மட்டும் வேலை செய்யவில்லை. மரபணுவைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உதவும் ஜெனிடிக்ஸ் கிட் என்ற நிரலில் அவள் தொகுப்பைத் திறந்து, லைஃபைக் கவனிக்கும் ரிசெப்டர்களை மட்டும் எடுத்துக் கனகாவின் தொகுப்போடும் மாரியின் தொகுப்போடும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பைட், அதாவது ஒரே ஒரு எண், மாறியிருக்கும், அல்லது அந்த மரபணுவே காணாமல் போயிருக்கும்.

பெயரில்லாத அந்தத் தம்பியின் கதை வேறு. பிறக்கும்போது லைஃபை நிரப்பும் மரபணு அவனுக்கு வந்து சேராமல் இருந்திருக்கலாம், அல்லது அரை ஆயுள் எண் ரொம்பச் சின்னதாகியிருக்கலாம். லைஃப் அடிமட்டத்தில் இருந்தால் எல்லா ரிசெப்டரும் அடுத்தடுத்து விழித்துவிடும். இந்த விளையாட்டை வெகுகாலம் ஆடியவர்கள் எல்லோரும் அப்படி ஒரு குட்டியைப் பார்த்திருப்பார்கள்.

பிள்ளைகளுக்குப் போகுமா என்றால், போகும். நார்ன்களுக்கு நம்மைப் போல ஒவ்வொரு மரபணுவுக்கும் இரட்டைப் படி கிடையாது, ஒற்றைப் படிதான் (ஹாப்ளாய்டு). அம்மாவின் சரத்தில் கொஞ்ச தூரம், அங்கே வெட்டி அப்பாவின் சரத்தில் கொஞ்ச தூரம், மறுபடி அம்மா என்று மாறி மாறிப் படியெடுத்துப் பிள்ளையின் தொகுப்பு உருவாகிறது. ஒரு குறிப்பிட்ட மரபணு அம்மாவிடமிருந்து வர ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. ஓங்கு, ஒடுங்கு என்று எதுவும் இங்கே இல்லை. கெட்ட படி வந்தால் அது அப்படியே வேலையைக் காட்டும். இறந்துபோன மகளுக்குத் தன் அப்பா வழியில் நல்ல படி வந்திருக்கிறது. முத்துவுக்கு அம்மாவின் படி. வெட்டும் இடத்தில் பிசகினால் ஒரு மரபணு விடுபட்டும் போகும், இரண்டு தடவையும் வரும். புதுமைகள் அதிகம் வருவது அந்தப் பிசகிலிருந்துதான். இரண்டாவதாக வந்த படி மாறிக்கொண்டே போகலாம், முதல் படி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. செவ்வந்திக்குச் சாவே இல்லை என்று யாழினியிடம் சொல்லிவிடாதீர்கள். முதுமைச் சாவு மட்டும்தான் இல்லை. பட்டினி கிடந்து, உடம்பில் சேமித்த சக்தியான கிளைகோஜன் தீர்ந்தால் இறப்பாள். நச்சு, கிருமி, உறுப்புச் சேதம் எல்லாம் அவளுக்கும் உண்டு.

குன்னூர் சுந்தரம் எழுதியது:

அம்மா, நான் இந்த விளையாட்டை ஆடியதில்லை, பேரன் காட்டித்தான் படித்தேன். ஆனால் சாகாத உயிரணுக்களோடு வேலை செய்திருக்கிறேன், அதனால் எழுதத் தோன்றியது. குன்னூரில் தடுப்பூசி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இங்குள்ள பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907இல் வெறிநாய்க்கடிக்காகத் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய முறைத் தடுப்பு மருந்தை ஆட்டு மூளையில் தயாரிப்பார்கள். பிறகு வந்த முறையில் வைரஸை வளர்ப்பது வீரோ செல்களில்.

வீரோ செல் 1962இல் ஜப்பானில், சிபா பல்கலைக்கழகத்தில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. அந்தக் குரங்கு போய் எத்தனையோ காலம் ஆகிறது. செல் இன்றும் பிரிந்துகொண்டிருக்கிறது. சாதாரணச் செல் சில பத்துத் தடவை பிரிந்ததும் நின்றுவிடும். இது நிற்பதில்லை.

கொடைக்கானல் சார் எழுதியதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் வீரோவின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் 2014இல் படித்து வெளியிட்டார்கள். அதிலும் இதே கதை. 12ஆவது குரோமோசோமில் பெரிய துண்டு ஒன்று காணாமல் போயிருக்கிறது. அந்தத் துண்டில்தான் செல் பிரிவதை "போதும், நிறுத்து" என்று தடுக்கும் மரபணுக்கள் இருந்தன. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் மரபணுக்களும் அங்கேதான் இருந்தன. நிறுத்தும் ஆள் இல்லாததால் பிரிந்துகொண்டே இருக்க முடிகிறது, எதிர்க்கும் ஆள் இல்லாததால் வைரஸ் அதில் நன்றாக வளர்கிறது. நமக்கு மருந்து கிடைக்கிறது. எத்தனை குழந்தைகள் நாய்க்கடியிலிருந்து பிழைத்திருக்கின்றன! ஒரு குரங்குச் செல்லில் இருந்த குறை அதற்குக் கைகொடுத்திருக்கிறது.

ஆனால் சாகாது என்பதற்காக அதை இஷ்டத்துக்கு ஓடவிடுவதில்லை. தொடக்கத்திலேயே ஒரே மாதிரியான குப்பிகளாகப் பிரித்து திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிடுவார்கள், அதற்கு செல் பேங்க் என்று பெயர். குறிப்பிட்ட தலைமுறை வரைதான் மருந்துக்கு எடுப்பது, அதைத் தாண்டினால் அந்தக் குடுவையைத் தூக்கிப் போட்டுவிட்டு பேங்க்கிலிருந்து புதுக் குப்பி எடுக்க வேண்டும். நீண்ட நாள் வளரவிட்டால் குணம் மாறிப் புற்றுத்தன்மை வரக்கூடும் என்பதே காரணம். உங்கள் விளையாட்டில் உயிரைக் கோப்பாக வெளியே எடுத்து வைக்கலாம் என்று பேரன் சொல்கிறான். அந்தப் பாப்பாவிடம் சொல்லுங்கள், செவ்வந்தியை அப்படி வைப்பது அவளைக் கொல்வது ஆகாது.

ஊட்டி பிரவீன் எழுதியது:

மேடம், எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். எண்ணிக்கை நிரம்பிய விஷயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் டாம் ரே என்ற சூழலியலாளர் 'டியேரா' என்று ஒரு செயற்கை உலகம் எழுதினார். அதில் உயிர் என்பது தன்னையே படியெடுக்கும் ஒரு சின்ன நிரல். முதல் உயிருக்கு 80 கட்டளைகள். அதில் சாவை அவர் உயிர்களுக்குள் வைக்கவில்லை, வெளியே வைத்தார். நினைவகம் நிரம்ப ஆரம்பித்ததும் 'ரீப்பர்' என்ற பகுதி, வரிசையின் முகப்பில் இருப்பதை அழிக்கும். பிறந்ததும் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும், தவறு செய்தால் சாவை நோக்கி முன்னே தள்ளப்படும். அப்படி இடம் காலியாகிக்கொண்டே இருந்ததால்தான் பிறர் நிரலைப் பயன்படுத்திப் பெருகும் 45 கட்டளை ஒட்டுண்ணிகளும், அவற்றை எதிர்க்கும் வகைகளும் தாமாகவே தோன்றின. அதை அவர் எழுதி வைக்கவில்லை.

உங்கள் உலகத்தில் ரீப்பர் கிடையாது. மொத்த இடம் மட்டும் வரையறுத்தது. செவ்வந்தி வகையினர் மற்றவர்களை விட ஒரு முட்டை கூட அதிகம் இட வேண்டியதில்லை. மற்றவர்கள் இடத்தைக் காலி செய்வார்கள், இவர்கள் செய்ய மாட்டார்கள். காலியாகும் இடத்தில் பிறப்பவர்களில் ஒரு பங்கு மறுபடி இவர்கள் வகை. விட்டுவிட்டால் கடைசியில் எல்லா இடமும் சாகாதவர்களிடம் போய்விடும். அன்றோடு பிறப்பும் நிற்கும், புதுக் குணமும் வராது. வலுவினால் ஜெயிக்கவில்லை, எழுந்து போகாததால் ஜெயிக்கிறார்கள். இதை உங்கள் மாணவர்களுக்குக் காட்ட முடிந்தால் அருமையான பாடம்.

கூடலூர் ஜெசிந்தா எழுதியது:

மாலதி அக்கா, எல்லோரும் கணக்கு சொல்கிறார்கள். எனக்கு யாழினி பக்கம்தான் மனசு போகிறது. ஒரு கிழவி உலகத்தில் இருந்தால் என்ன குறைந்துவிடும்? முட்டை போடாத இடத்தில் தனியாக வையுங்கள். அவளைப் பார்ப்பதற்காகவே தினமும் அந்தப் பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள் என்றால் அதுவும் ஒரு காரணம்தானே. முத்துவை வேண்டுமானால் வெளியே எடுத்து வையுங்கள்.

கோத்தகிரி மாலதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ராமு சார் சொன்னபடி மூன்று தொகுப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லைஃபைக் கவனிக்கும் ரிசெப்டர்கள் எல்லாம் இருக்கின்றன. கடைசி ரிசெப்டரும் இருக்கிறது, லைஃப் குறைந்ததும் அது விழிக்கவும் செய்கிறது. ஆனால் அது எந்த இடத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்று சொல்லும் எண் மாறியிருக்கிறது. கனகாவுக்கும் மாரிக்கும் அது முதுமைச் சாவைக் குறிக்கும் எண். செவ்வந்தியிடம் வேறு எண். மணி அடிக்கிறது, கயிறு வேறு கதவில் கட்டியிருக்கிறது. முத்துவின் தொகுப்பிலும் அதே எண். இறந்த மகளிடம் பழைய எண். ஒரு பைட்! நான் கரும்பலகையில் எத்தனை வருடமாக 'புள்ளி சடுதிமாற்றம்' என்று எழுதியிருக்கிறேன். ஒரு உயிர் கண்முன்னே வாழ்ந்துகொண்டிருக்க, அதன் காரணத்தை ஒரே எண்ணில் விரல் வைத்துக் காட்ட முடிந்தது இதுதான் முதல் தடவை.

இதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். பையன் ஒருவன் எழுந்து, "நிஜ உயிரிலும் சாவுக்கு ஜீன் இருக்கிறதா மிஸ்?" என்று கேட்டான். நல்ல கேள்வி என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். நமக்கு ஒரே ஒரு சாவு மரபணு கிடையாது. ஆனால் ஆயுளை மரபணு கட்டுப்படுத்துகிறது என்பதற்கு உறுதியான சான்று உண்டு. 1993இல் சிந்தியா கென்யன் குழுவினர் சி. எலிகன்ஸ் என்ற சின்னப் புழுவில் டாஃப்-2 என்ற ஒரே மரபணு குறைபட்டால் அதன் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் கூடுவதைக் கண்டார்கள். அங்கேயும் கூட்டியது எதுவும் இல்லை, குறைந்ததுதான்.

இன்னொன்று நம் மலையிலேயே இருக்கிறது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடம் வளரும், ஒரே ஒரு தடவை பூக்கும், விதை கொட்டிவிட்டு மொத்தச் செடியும் காய்ந்து போகும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. பூத்த பிறகு அது வெயிலாலோ பனியாலோ சாவதில்லை. பூப்பதும் சாவதும் அதன் ஒரே திட்டத்தின் இரண்டு பகுதிகள். எங்கள் தேயிலையோ அதற்கு நேர்மாறு. கவாத்து செய்யச் செய்யத் துளிர்க்கும், நூறு வருடத்துச் செடியிலும் கொழுந்து கிள்ளலாம். ஒரே சரிவில் இந்தச் செடியும் அந்தச் செடியும் நிற்கின்றன. எவ்வளவு வாழ்வது என்பதை ஒவ்வொரு வம்சமும் தனக்குத் தகுந்தபடி முடிவு செய்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். யாழினியோடு உட்கார்ந்து பேசினேன். பிரவீன் எழுதியதை அவளே வாசித்தாள், காலண்டர் தாளில் கட்டம் போட்டு இடம் நிரம்புவதை வரைந்தும் பார்த்தாள். பிறகு அவளாகவே சொன்னாள், புதுக் குட்டிகள் வரவேண்டும் என்று. முத்துவைக் கோப்பாக எடுத்து வைத்துவிட்டோம். செவ்வந்தி உலகத்திலேயே இருப்பாள், ஆண் நார்ன்கள் வராத பகுதியில். ஜெசிந்தா சொன்னதுதான். இனி பொரியும் ஒவ்வொரு குட்டிக்கும் அந்த ஒரு எண்ணைப் பார்த்துச் சொல்வது யாழினியின் பொறுப்பு. பழைய எண் இருந்தால் உலகத்தில் இருக்கும். மாறிய எண் இருந்தால் வளர்ந்து முட்டையிடும் முன் கோப்புக்குப் போகும்.

ஒரு கேள்வி மிச்சம். செவ்வந்தியின் அந்த எண்ணையே கிட்டில் திருத்திவிட்டால் அவளும் இயல்பாக வாழ்ந்து முடிப்பாளா? யாழினிதான் கேட்கச் சொன்னாள்.

கொடைக்கானல் ராமு எழுதியது:

ஆகாது டீச்சர். மரபணுவைப் படித்து உடம்பைக் கட்டுவது பொரியும்போதும் பருவம் மாறும்போதும்தான். செவ்வந்திக்கு இனிப் பருவம் மாறாது. நீங்கள் கோப்பில் திருத்தினாலும் உயிரோடிருக்கும் உடம்பு பழைய ரிசெப்டரோடே ஓடும். திருத்திய தொகுப்பை முட்டையாக வைத்தால் அதிலிருந்து வருவது செவ்வந்தி இல்லை. அதே தொகுப்புள்ள வேறொரு குட்டி. அவள் கற்ற சொற்களும், லிஃப்ட் பொத்தான் பழக்கமும் மூளையில் இருப்பவை, மரபணுவில் இல்லை. அவை அதற்கு வராது.

யாழினி எண்ணைச் சரிபார்க்கும்போது இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சில குட்டிகளுக்கு அந்த ரிசெப்டர் இரண்டு படியாக வந்திருக்கும். ஒன்றில் பழைய எண் இருந்தாலே போதும், அவை முறைப்படி முதுமையில் இறக்கும். ஆனால் மாறிய படியைச் சுமந்துகொண்டே இருப்பதால் பேரக்குட்டிகளில் அது மறுபடி தனியாகப் பிரிந்து வரலாம். வம்ச மரத்தில் அவற்றுக்கு வேறு நிறத்தில் ஒரு குறி போட்டு வைக்கட்டும்.